ஹெர்க்: தூய தடுப்பு என்ற பிழை

இதயத் தசைச் செல்லில் சோடியம் உள்ளே பாய்வதால் மின்துடிப்பு எழுகிறது. கால்சியம் அதை நீட்டிக்கிறது. பொட்டாசியம் வெளியேறி முடித்துவைக்கிறது. இந்த வெளியேற்றத்தைத் தாமதப்படுத்தினால் அடுத்த தூண்டலை ஏற்க அந்தச் செல்லுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். தடம் மாறிச் சுழலும் மின் அலை, இன்னும் தயாராகாத தசையில் மோதி அடங்கிவிடும். 1970-இல் சிங்கும் வாகன் வில்லியம்ஸும் தனியே அடையாளம் கண்ட ‘மூன்றாம் வகை’ மருந்துகளின் அடிப்படை இதுதான்.

1989-இல் காஸ்ட் ஆய்வு சோடியம் தடுப்பிகளின் மதிப்பைச் சரித்தது. மாரடைப்புக்குப் பிறகு என்கெயினைடும் ஃப்ளெகெயினைடும் பெற்றவர்களிடையே மரணங்கள் கூடின. கவனம் பொட்டாசியத்தின் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே சாங்கினெட்டியும் ஜுர்கீவிச்சும் பொட்டாசிய மின்னோட்டத்தை வேகமானது, மெதுவானது என இரண்டாகப் பிரித்துக் காட்டினர். வேகமானதைச் சுமப்பது ஹெர்க் சேனல் என்பது 1995-இல் உறுதியானது. ஒரே சேனலை மட்டும் தடுக்கும் ‘தூய’ மருந்தே சிறந்தது என்ற நம்பிக்கை அப்போது கோலோச்சியது. அது தவறான நம்பிக்கை.

சோட்டலால் மருந்தின் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில், பீட்டா தடுப்பு ஏறக்குறைய இல்லாததைப் பிரித்தெடுத்து ஸ்வோர்ட் ஆய்வில் சோதித்தார்கள். மாரடைப்பால் இதயம் பலவீனமான 3,121 பேர் அதில் இருந்தனர். 1996-இல் முடிவு வெளியானது: மருந்து பெற்றவர்களில் 5.0 சதவீதமும் போலி மருந்து பெற்றவர்களில் 3.1 சதவீதமும் இறந்திருந்தனர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

காரணத்தின் ஒரு பகுதி சேனலின் உள்ளமைப்பில் இருக்கிறது. ஹெர்க் நான்கு ஒரேமாதிரியான புரதத் துண்டுகளால் ஆனது. சேனல் திறக்கும்போது மருந்து செல்லின் உட்புறத்திலிருந்து நுழைகிறது. ஒவ்வொரு துண்டிலும் 652-ஆம் இடத்து டைரோசினும் 656-ஆம் இடத்து ஃபினைல்அலனினும் தம் வளையங்களை உட்குழியை நோக்கி நீட்டியிருக்கின்றன. வளையமுள்ள மூலக்கூறுகள் பல அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. 2017-இல் வாங், மெக்கின்னன் வெளியிட்ட கட்டமைப்பில் வியக்கத்தக்க அளவு சிறிய நடுக்குழியும், அதைச் சுற்றி நான்கு ஆழமான பள்ளங்களும் தெரிந்தன. ஒவ்வாமை மாத்திரையான டெர்ஃபெனடின்கூட இங்கே சிக்கியதற்கு இந்த அமைப்பே இடம் கொடுத்தது.

இன்னொரு சிக்கல் வேகத்தைச் சார்ந்தது. இத்தகைய தடுப்பிகள் பலவற்றின் விளைவு, இதயம் மெதுவாகத் துடிக்கும்போது வலுக்கிறது; விரைந்து துடிக்கும்போது, அதாவது மருந்து மிகவும் தேவைப்படும் வேளையில், தளர்கிறது. மெதுவான துடிப்போடு ரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்தால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளும். 1966-இல் டெசெர்டென் விவரித்த, அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஓடும் ஆபத்தான துடிப்பு அங்கே பிறக்கிறது. இத்தகைய தடுப்பியான டோஃபெடிலைடைத் தொடங்க அமெரிக்காவில் மூன்று நாளாவது மருத்துவமனைக் கண்காணிப்பு கேட்பதும், சிறுநீரகத் திறனைப் பார்த்து அளவு குறிப்பதும் இந்த அச்சத்தினால்தான்.

அழகற்ற, பல சேனல்களில் கைவைக்கும் அமியோடரோன் வேறொரு பாடம் சொல்கிறது. அதுவும் ஹெர்க்கைத் தடுக்கிறது, க்யூடியை நீட்டுகிறது. ஆனால் சோடியம், கால்சியம் மின்னோட்டங்களையும் சேர்த்தே குறைப்பதால் முறுக்குத் துடிப்பு அரிதாகவே வருகிறது. தைராய்டையும் நுரையீரலையும் கெடுக்கும் அதன் நச்சுத்தன்மை கடுமையானது. அதை மறைக்கக் கூடாது. வெராபமிலும் ஹெர்க்கைத் தடுக்கும். கால்சியத் தடுப்பு அதை ஈடுகட்டுகிறது.

ஹெர்க்கைத் தொட்டாலே மருந்து தகுதியிழக்கும் என்ற இன்றைய சோதனைக்கூட மரபும் பழைய பிழையின் மறுபக்கமே. 2013-இல் தொடங்கிய சிபா திட்டம் மருந்தைப் பல சேனல்களில் அளந்து, அந்த அளவுகளை மனித இதயச் செல்லின் கணினி மாதிரியில் சேர்த்து, மின்னோட்டங்களின் மொத்தச் சமநிலையைக் கணக்கிடுகிறது. புதிய மருந்துத் தேடலும் செல்ல வேண்டிய வழி அதுவே.