மரமும் மறைபொருளும்

சில கறுப்புக் கோடுகள், ஒரு சிவப்புக் கட்டம், மூலையில் சிறிது நீலம், எஞ்சியதெல்லாம் வெள்ளை! ஆலந்து நாட்டு ஓவியர் பீட் மாண்ட்ரியன் தீட்டியவை இத்தகைய படங்கள். “இதுவா ஓவியம்? பள்ளிச் சிறுவன் அடிக்கோல் கொண்டு இழுத்துவிடுவானே!” என நகைப்போர் ஒருபுறம். “இது அருட்காட்சி, அறிவால் அணுகலாகாது” எனக் கைகூப்பி நிற்போர் மறுபுறம். இருசாராரும் ஓவியத்தைப் பார்க்கவில்லை என்போம் நாம்.

1872-இல் ஒரு தலைமையாசிரியரின் மகனாகப் பிறந்தவர் மாண்ட்ரியன். தந்தை கோடு இழுக்கப் பழக்கினார். சிற்றப்பன் ஃபிரிட்ஸ் தூரிகை பிடிக்கப் பழக்கினார். ஆற்றங்கரை, காற்றாலை, பண்ணைவீடு என ஊரார் விரும்பும் காட்சிகளையே நெடுநாள் வரைந்தார். பின்னர் வான்கோவின் வண்ண வேகம் அவரையும் பற்றிக்கொண்டது. 1908-இல் தொடங்கிய ‘சிவப்பு மரம்’ நீல மாலைப்பொழுதில் தீயாய் எரிந்து நிற்கிறது.

1909-இல் அவர் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். ஆம், நம் அடையாற்றில் தலைமையிடம் கொண்ட அதே சபைதான்! காணும் உலகுக்கு அப்பால் மறைபொருள் ஒன்று உண்டு என்னும் அதன் போதனை அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அதன் விளைச்சல் 1911-இல் முடித்த ‘பரிணாமம்’. மூன்று பலகைகளில் மூன்று நீல மங்கையர். இருபுறத்தாரும் கண்மூடி நிற்க, நடுவில் நிற்பவள் மட்டும் அகல விழிக்கிறாள். போதனை இருக்கிறது, உயிர் இல்லை. விளக்கவுரை ஊன்றுகோல் இன்றி நிற்கமாட்டாத படம் அது!

அதே 1911-இல் அவர் வரைந்த ‘சாம்பல் மரம்’ இருக்கிறதே, அதற்கு ஊன்றுகோல் எதற்கு? பிக்காசோ, பிராக் ஆகியோரின் கனவடிவக் கலை காட்டிய வழியில், கிளை எது, கிளைக்கிடையே வெளி எது என்று பிரித்தறிய ஒண்ணாதபடி இரண்டையும் ஒரே வலையாகப் பின்னியிருக்கிறார். இவ்விரு படங்களும் இன்று தி ஹேக் நகரின் ஒரே கலைக்கூடத்தில் உள்ளன. ஒன்று மறைபொருளைச் சொல்ல வந்தது. மற்றொன்று மரத்தைப் பார்த்தது. வென்றது எது? மரமன்றோ!

பின்வந்த நேர்கோடுகளும் சபையின் கொடையே என்பர் சிலர். மாண்ட்ரியனும் தம் நம்பிக்கையைக் கைவிட்டாரில்லை. ஆயினும் நம்பிக்கை வேறு, வேலை வேறு. மரத்தை அடுத்துக் கடலைப் பார்த்தார். 1915-இல் அலைகள் குறுக்கும் நெடுக்குமான சிறு கோடுகளாயின. 1917-இல் வான் டூஸ்பர்க்குடன் ‘டி ஸ்டைல்’ இதழில் இணைந்தார். தோழர் வான் டெர் லெக்கிடம் தூய வண்ணத்தைத் தட்டையாகப் பூசக் கற்றார். 1921 அளவில்தான் நாம் அறிந்த கட்டங்கள் பிறந்தன. மரத்திலிருந்து கட்டத்துக்குப் பத்தாண்டுப் பயணம்! அருட்காட்சிக்கு ஏன் இத்தனை தாமதம்? இடையிடையே வயிற்றுக்காகப் பூக்களை வரைந்து விற்ற வறுமையும் உண்டு.

1940-இல் போருக்குத் தப்பி நியூயார்க் சேர்ந்தார். அங்கே கறுப்பின மக்கள் படைத்த பூகி-வூகி இசை அவரை ஈர்த்தது. எழுபதை எட்டிய முதியவர் தம் புகழுக்குரிய கறுப்புக் கோட்டையே துறந்தார்! ‘பிராட்வே பூகி-வூகி’ படத்தில் மஞ்சள் கோடுகளின்மேல் சிறு கட்டங்கள் தாளமிடுகின்றன. 1944-இல் அவர் மறைந்தபோது முடிவுறாதிருந்த கடைசிப் படத்தில், இடம் மாற்றி மாற்றிச் சோதித்த வண்ணத்தாள் துண்டுகள் ஒட்டியபடியே இருந்தன. அருள்வாக்குக்கு அடித்தல் திருத்தல் உண்டோ? உழைப்புக்கு உண்டு!

ஆகவே, கலையைக் கைகொட்டி நகைக்கவும் வேண்டா. கைகூப்பி வணங்கவும் வேண்டா. கண்திறந்து பார்ப்போம். அவர் மரத்தைப் பார்த்தது அப்படித்தான்.