பெரட்டுக் களமும் மக்களவையும்

உழைப்பு முன்னும் கூலி பின்னும் வருதல் உலக நடை. மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடாத தொழிலாளிக்கு அன்றைய கூலி இல்லாதிருந்தது. அந்நெறியில் வளர்ந்த சமுதாயம், தான் வாக்களித்து அனுப்பிய உறுப்பினரின் இருக்கை மக்களவையில் வெறுமையாய்க் கிடக்கக் காணுங்கால் உளம் புழுங்குதல் இயல்பே. அப்புழுக்கம் நேரியதா, அதன் வேர் எங்குள்ளது என ஆராய்தல் வேண்டும்.

மலேசிய மக்களவை உறுப்பினர் 222 பேர். அவை நடத்தற்கு வேண்டிய குறைந்த அளவோ 26 பேர்தாம். அரசமைப்புச் சட்டத்தின் 52ஆம் விதி, அவையின் இசைவின்றி ஆறு திங்கள் எக்கூட்டத்திற்கும் வாராதவரின் இடத்தை வெற்றிடமென அவை அறிவிக்கலாம் என்கிறது. 'அறிவிக்கலாம்' என்பதே சொல். 'அறிவித்தல் வேண்டும்' என்பதன்று. இடையில் ஒருநாள் தலைகாட்டினும் இவ்விதி அவரைத் தீண்டாது. உறுப்பினரின் மாதப் படித்தொகையோ 2015இல் 16,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அஃது அவையில் அமர்ந்த நாள்களை எண்ணி அளக்கப்படுவதன்று. பெரட்டுக் களத்திற்கு ஒரு நீதி, மக்களவைக்கு ஒரு நீதியா எனும் வினா இங்கேதான் பிறக்கிறது.

எனினும், ஊதியம் தருவதே தவறு என்பார் கூற்று பொருந்தாது. இங்கிலாந்தில் 1838இல் சார்ட்டிஸ்டு இயக்கத்தார் வெளியிட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள், நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டும் என்பதும் ஒன்று. ஊதியமின்றி அவையில் அமரச் செல்வர்க்கு இயலும். அன்றாடம் உழைத்துண்பார்க்கு இயலாது. அக்கோரிக்கை 1911இல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என நிறைவேறிற்று. ஆகவே, உறுப்பினர் ஊதியம் ஏழை எளியோர் போராடிப் பெற்ற உரிமை. அதனை வாங்கிக்கொண்டு அவைக்கு வாராதார் அப்போராட்டத்தையே இழிவு செய்கின்றனர்.

உறுப்பினர் எவ்வேலையும் செய்வதில்லை என்பதும் முழு உண்மையன்று. ஊராட்சி மன்றத் தேர்தல்கள் 1965இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் அறவே நீக்கப்பட்டன. வாக்கால் தட்டிக் கேட்க ஊர்மன்றம் இல்லாமையால், அடைத்த கால்வாயும் எரியாத தெருவிளக்கும் நாடாளுமன்ற உறுப்பினரின் வாயிலை அடைந்தன. தொகுதி மக்களும் திருமண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் முகங்காட்டுபவரையே போற்றுகின்றனர். வரவுசெலவுத் திட்டத்தைக் கற்று அவையில் வினாத் தொடுப்பவரைத் தேடுவார் சிலரே. மாலையிட்டு அழைத்தவரே பின்னர் அவையில் ஏன் இல்லையெனச் சினப்பது முரணன்றோ?

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியன. அச்சபை நிலமுடைய அந்தணர்க்கே உரியது. மக்கள் யாவர்க்கும் உரியதன்று. இக்குறையை மறைத்து அதனை மக்களாட்சி எனப் புகழ்தல் ஆய்வாகாது. ஆயினும், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என அது விதித்தது. வகுப்பறைதோறும் பெருமையுடன் கூறப்படும் இச்செய்தியின் உயிர் கணக்குக் கேட்டலிலேயே உள்ளது. கேட்கும் துணிவின்றிப் பெருமை மட்டும் பேசுதல் வெறும் ஆரவாரம்.

நோய் முதலிய தக்க காரணமின்றி வாராத நாளுக்குப் படித்தொகை குறைத்தலும், உறுப்பினர்தம் வருகைக் கணக்கைத் தொகுதி மக்கள் எளிதிற் காணுமாறு ஆண்டுதோறும் அறிவித்தலும் சட்டத்தால் செய்யத்தக்கன. ஆனால், அச்சட்டத்தை இயற்ற வேண்டியவரும் அவ்வுறுப்பினரே. ஆதலின் முதல் அடி வாக்காளரிடமிருந்தே எழல் வேண்டும். தம் தொகுதி உறுப்பினர் அவையில் என்ன பேசினார், என்ன வினவினார் என்பதை மாணவர் தேடிப் படித்தறியும் பழக்கத்தை ஆசிரியர் ஊட்டுவாராயின், நாளைய வாக்காளர் மாலையோடு வினாவையும் ஏந்தி நிற்பர். வினவாத மக்களுக்கு உழைக்காத உறுப்பினரே வாய்ப்பர்.