கையொப்பமும் கைப்பணமும்

ஒரு கல்வித்துறைக்கு ஆபத்து நேரும்போது, அத்துறையினர் தேசதேசாந்தரங்களிலுள்ள பேராசிரியர்களின் கையொப்பங்களைத் திரட்டி ஆள்வோருக்கு மடல் விடுப்பது இக்காலத்தில் ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. அதன் குணத்தையும் குற்றத்தையும் நாடி மிகை நாடுவதற்கு, இந்தியாவின் மகளிர் ஆய்வு மையங்களுக்கு 2017-ஆம் ஆண்டில் நேர்ந்த சங்கடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்திய அரசாங்கம் 1971-ல் நியமித்த பெண்கள் நிலை பற்றிய குழு 1974-ன் இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அறிக்கையைச் சமர்ப்பித்தபோது, சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு சென்ற பின்னும் ஜனத்தொகையில் பெண்களின் விகிதம் குறைந்துகொண்டே போவதைக் கண்டு, விஷயம் தெரிந்தவர்கள் என்று தம்மைக் கருதியிருந்தவர்களே திகைத்துப் போனார்கள். அந்தத் திகைப்பை ஒழுங்கான ஆராய்ச்சியாக மாற்றும் பணியில், அதே ஆண்டில் பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆய்வுப் பிரிவும், 1982-ல் அமைந்த இந்திய மகளிர் ஆய்வுச் சங்கமும் முன்னின்றன. ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவும் கைகொடுக்க, நாளடைவில் மையங்கள் 160-க்கு மேல் பெருகின.

ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்தின் நிரந்தர வரவுசெலவில் இடம்பெறாமல், ஐந்தாண்டுத் திட்டம் என்ற ஒற்றைக் கயிற்றிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. திட்டக் கமிஷனின் இடத்தில் 2015-ல் நீதி ஆயோக் வந்தது, பன்னிரண்டாம் திட்டமும் 2017 மார்ச்சில் முடிந்தது, கயிறு அறுந்தது. செப்டம்பருக்கு அப்பால் மானியம் உண்டா என்பது நிச்சயமில்லை என்ற நிலை வந்தவுடன், ஒப்பந்த முறையில் வேலை பார்த்த ஆசிரியைகளும் ஆய்வாளர்களும் அடுத்த மாதச் சம்பளத்தை எண்ணிக் கலங்கினார்கள். மகளிர் ஆய்வுச் சங்கம் குரல் எழுப்பிற்று, பல திக்குகளிலிருந்தும் ஆதரவு மடல்கள் சென்றன, காலக்கெடு நீட்டிக்கப்பட்டது.

இங்கே இந்த முறையின் முதல் குணம் விளங்குகிறது. வேலை நிரந்தரமில்லாதவர் தம் மேலதிகாரியை எதிர்த்து வாய்திறப்பது சுலபமன்று. அவர் சொல்ல அஞ்சுவதைத் தூரத்தில் இருப்பவர் அச்சமின்றிச் சொல்லிவிடலாம். ஓசைப்படாமல் முடித்துவிட எண்ணிய காரியம் ஊரறிய நடக்க வேண்டியதாகும்போது, கோப்பில் கையெழுத்திடும் அதிகாரிக்கும் ஒரு கணம் தயக்கம் பிறக்கிறது. இதை அற்பம் என்று தள்ளுவது நியாயமாகாது.

எனினும் அந்தத் தயக்கம், பிறர் மதிப்பை வேண்டுகிறவனுக்கே உண்டாவது. 2018 அக்டோபரில் ஹங்கேரி அரசாங்கம், இரண்டு பல்கலைக்கழகங்களில் நடந்துவந்த பாலின ஆய்வு முதுகலைப் படிப்பின் அங்கீகாரத்தை நீக்கியபோது, உலகெங்குமிருந்து எழுந்த கண்டனங்கள் அம்முடிவை அசைக்கவில்லை. அயலாரின் கண்டனத்தையே தன் தேசாபிமானத்துக்கு அத்தாட்சியாகக் காட்டிக்கொள்ளும் ஆட்சியிடம் இந்த ஆயுதம் முனை மழுங்கிவிடுகிறது.

இரண்டாவது குறையை நான் கண்டது மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் என் வீட்டு வாசலில். பக்கத்துச் செர்டாங்கில் படிக்கும் அண்டை வீட்டுப் பெண், இந்திய மையங்களுக்கான ஆதரவு மடல் ஒன்றைக் கைப்பேசியில் காட்டி, “சார், நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றாள். பெயர், பதவி, நிறுவனம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷங்களாகிவிட்ட எனக்கு மூன்றாம் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. “நிறுவனம் இல்லாதவங்க என்னம்மா செய்யறது?” என்று கேட்டேன். அவள் சிரித்தாள், பதில் சொல்லவில்லை. யாருடைய கூலியையும் பிரசவத்தையும் துயரத்தையும் ஆராய்ந்து இந்தத் துறை வளர்ந்ததோ, அந்தப் பெண்களுக்கும் அந்தப் படிவத்தில் இடமில்லை.

அப்போது என் தாயாரின் ஒரு வெள்ளி நினைவுக்கு வந்தது. 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் சம்ஸ்கிருதத்துக்கு முதலிடம் என்ற யோசனை எழுந்த சமயம், ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி, ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாயார் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த அந்த ஒரு வெள்ளிக்குப் பதவியும் நிறுவனமும் தேவைப்படவில்லை. 1956-ல் துறை தமிழோடு அமைந்தது. திரண்ட நிதி தமிழ் நூல்களுக்கு உதவிற்று. பத்தாண்டுக்குப்பின் அதே துறையின் தலைவர் தனிநாயக அடிகள் முன்னின்று கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார்.

அந்த முறையும் பூரணமானதன்று. உணர்ச்சி வேகத்தில் திரளும் நிதி வருஷந்தோறும் திரளாது. பாடத்தின் தரத்தை நிதி கொடுத்தவர் நிர்ணயிக்கவும் இயலாது. துறைக்கு வெள்ளி கொடுத்த என் தாயார் அதன் வாசலைக் கடைசிவரை மிதித்ததே இல்லை. இருந்தாலும், “நம்ம துறை” என்று உரிமையோடு சொல்லும் ஜனங்கள் அதற்கு இருந்தார்கள். மகளிர் ஆய்வுக்கு அத்தகைய ஜனங்கள் போதிய அளவு இல்லாததே அதன் நிஜமான வறுமை. கையொப்பம் ஓங்கிய கையைச் சில காலம் தடுக்கும். அந்த அவகாசத்தை வெற்றியென்று கொண்டாடிக் கழிக்காமல், ஆராய்ச்சி எவரைப் பற்றியதோ அவர் புரிந்துகொள்ளும் மொழியில் அவரிடமே அதைக் கொண்டு சேர்ப்பதில் செலவிட்டால், அடுத்த முறை மடலுக்குப் பின்னால் மனிதர்களும் நிற்பார்கள்.

இவ்வளவும் சொன்னேனே தவிர, கையொப்பம் இடாமல் இருந்துவிடவில்லை. மூன்றாம் கட்டத்தில் ‘ஸ்ரீ கெம்பாங்கான்’ என்று ஊர்ப்பெயரை எழுதினேன். கைப்பேசி அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது.