கத்தியின் விலை

சவரக் கத்தியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் கேட்கலாம். நாவலைப் பற்றியும் கவிதையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்கிறவன், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று செய்கிற காரியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்று ஏதும் விதி இருப்பதாகத் தெரியவில்லை. தவிரவும், இதில் விமரிசனத்துக்கு உரிய ஒரு வாதம் இருக்கிறது. சில வருஷங்களாகப் படித்தவர்களிடையே அது செல்வாக்குப் பெற்று வருகிறது.

வாதம் இதுதான். பிளேடு வீண் செலவு. நாலு நாள் உபயோகித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டும். நாவிதர்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் போதும். பேரன் காலத்துக்கும் இருக்கும். ஆகவே அதுவே சிக்கனம், அதுவே நம் பழைய முறை, அதுவே ஆண்மை என்று மூன்று படியாக ஏறிப் போகிறார்கள். மூன்றாவது படியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதல் இரண்டையும் பரிசீலிக்கலாம்.

முதலில் சிக்கனம். இரண்டு பக்கமும் வாயுள்ள சாதாரண பிளேடு ஒன்று மூன்று ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். நாலு சவரத்துக்கு ஒரு பிளேடு. தினமும் சவரம் செய்து கொள்கிறவருக்கு வருஷத்துக்குச் சுமார் 91 பிளேடு, செலவு ரூ.273. பிளேடைப் பொருத்துகிற ரேஸரை ஒரு முறை வாங்கினால் வெகு காலம் வரும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பிரஷ், சோப்பு, படிகாரம் இரண்டு முறைக்கும் பொது; அவற்றையும் விட்டுவிடுவோம்.

மடக்குக் கத்திக்கு வந்தால் கத்தியோடு காரியம் முடிவதில்லை. நல்ல கத்தி என்றால் ஜெர்மனியில் ஸோலிங்கன் என்ற ஊரில் செய்தது என்கிறார்கள். அந்த ஊரின் பெயரை வேறு ஊர்ச் சரக்கின்மேல் போடக் கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் செய்திருக்கிறார்கள். புதிதாக வாங்கினால், கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்து, பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே கிடைப்பது துர்லபம். பிறகு தோல்வார் ஒன்று வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் கத்தியை அதில் முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். சில மாதங்களில் தோலுக்கு மசியாத மழுங்கல் வரும், அப்போது தீட்டுக்கல். கல்லும் ஒன்று போதாது. பொடியின் நுணுக்கத்தைக் குறிக்க 1,000, 4,000, 8,000 என்று எண் போட்டிருக்கிறார்கள். படிப்படியாகக் கடைசிக் கல்லுக்குப் போக வேண்டும். எல்லாம் சேர்த்து ரூ.20,000 என்று குறைத்தே வைத்துக் கொள்வோம். 273-ஆல் வகுத்தால் 73 வருஷம். 25-வது வயசில் ஆரம்பிக்கிற இளைஞர் 98-வது வயசில் முதல் காசை மிச்சம் பிடிப்பார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். நாலு ஐந்து அலகுகளை அடுக்கி, தலையோடு கழற்றி எறிகிற நாகரிக ரேஸர் ஒன்று இருக்கிறது அல்லவா? அந்தத் தலை ஒன்று ரூ.200, மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் வருஷத்துக்கு ரூ.3,400-க்கு மேல் ஆகிவிடும். அதை விட்டு வருகிறவருக்கு ஆறு வருஷத்தில் முதல் திரும்பிவிடும். ஓர் ஊதாரித்தனத்தோடு ஒப்பிடும்போது இன்னோர் ஊதாரித்தனம் சிக்கனமாகத் தெரிகிறது. இந்த வாதத்தின் பலம் அவ்வளவுதான்.

மலிவான வழியும் உண்டு. சீனாவில் செய்த கத்தி சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தீட்டாத கத்தியாக வந்து சேரும். மடக்குக் கத்தியைக் குழிவாகச் சாணை பிடித்திருப்பார்கள். முதுகு தடித்தும் வாய் மெலிந்தும் இருக்கும். கல்லில் வைக்கும்போது முதுகும் வாயும் ஒரே சமயத்தில் படிய வேண்டும். முதுகு ஒரு நூல் எழும்பினாலும் வாய் உருண்டு போகும். முகத்தில் வைக்கும்போதோ முதுகைச் சுமார் 30 பாகை தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்குமேல் தூக்கினால் வெட்டும். தாழ்த்தினால் மயிரைப் பிடுங்கும். இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்கவும் தெரிய வேண்டும். தெரிந்தவர்கள் முதல் சில வாரங்களுக்குக் கன்னத்தோடு நிறுத்திக்கொள், மோவாய்க்கும் மேலுதட்டுக்கும் போகாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆரம்பச் செலவில் பெரிய பகுதி இதுதான். இதற்கு ரசீது கிடையாது.

இந்தச் செலவிலிருந்து ஜனங்களை விடுவித்ததுதான் கில்லெட் செய்த காரியம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1903-ல் விற்பனைக்கு வந்த அவருடைய ரேஸர், முதல் வருஷத்தில் 51-தான் விற்றது, பிளேடு 168. 1918-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்கு மட்டும் 35 லட்சம் ரேஸர் போயிற்று. தீட்டத் தெரியாதவனும் சவரம் செய்து கொள்ளலாம் என்பதே அவர் விற்ற சரக்கு.

அடுத்த படி, நம் பழைய முறை என்பது. இதைப் பற்றி நான் யோசித்தது செஞ்சியில். அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பழமை மலை மலையாக நிற்கிற ஊர் அது. ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் சந்திரகிரியையும் இணைத்து மதில் ஓடுகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றே. 1714-ல் ஆர்க்காட்டு நவாபுடன் பொருதி மாண்ட தேசிங்கு ராஜனின் கதையை இன்றும் பாடுகிறார்கள். அவன் வாளுக்குப் பாட்டு உண்டு, குதிரைக்கும் பாட்டு உண்டு. அவனுக்கும் அவன் சிப்பாய்களுக்கும் முகம் மழித்துவிட்ட கத்திக்குப் பாட்டு இல்லை. இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நாம் எதைப் பழமை என்று ஞாபகம் வைத்துக் கொள்கிறோம் என்பதைக் குறித்துக் கொண்டால் போதும்.

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற ரோட்டில் ஒரு சலூன். அதன் சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். தகப்பனாருடைய அடைப்பத்தை இன்னும் வைத்திருக்கிறார். நான் கேட்டதும் எடுத்துக் காட்டினார். கத்தி இரண்டு, கல் ஒன்று, தோல்வார், கிண்ணி, கத்தரிக்கோல், நகம் வெட்டும் உளி. கல் நடுவில் வில் போலக் குழிந்திருந்தது.

"கத்தி வாங்கறது பெரிசில்லீங்க, ஐயா. கல்லுல படுக்க வெச்சி இழுக்கக் கத்துக்கவே எனக்கு ஒரு வருசம் ஆச்சு" என்றார்.

"முதல் சவரம் யாருக்குச் செய்தீர்கள்?"

"எங்கப்பாவுக்குத்தான். ஊராரு முகத்துல கைய வெச்சி, கீறிட்டா யாரு பதில் சொல்றது? அவரு கன்னத்தைக் குடுத்தாரு. ரெண்டு மூணு மாசம் அவரு முகம் பாக்கவே நல்லாருக்காது."

அந்தத் தகப்பனாருக்குக் கூலி காசாக வரவில்லை. அறுவடைக் காலத்தில் களத்துக்குப் போய் நின்றால் வீட்டுக்கு இத்தனை மரக்கால் என்று நெல் அளப்பார்கள். அதற்கு வருஷம் பூராவும் ஊருக்குச் சவரம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தனி வேலை. பெண்டுகள் பிரசவம் பார்த்தார்கள். விளைச்சல் பொய்த்த வருஷத்தில் மரக்காலும் பொய்த்தது.

பழைய முறை சிக்கனமாயிருந்தது என்பது வாஸ்தவம்தான். யாருக்குச் சிக்கனம் என்பதுதான் கேள்வி. கத்தி, கல், தோல், ஒரு பையனின் பால்ய வருஷங்கள், ஒரு தகப்பனின் கன்னம் எல்லாவற்றையும் ஊர் சில மரக்கால் நெல்லுக்கு வாங்கிக் கொண்டது. ஆரம்பச் செலவு இல்லாமல் போய்விடவில்லை. சவரம் செய்து கொண்டவர் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இன்று ரூ.20,000 செலவழிக்கிற நண்பர் தம் பாட்டனார் காலத்தில் இது இலவசமாயிருந்தது என்று நினைத்தால், ஒரு குடும்பத்தின் பெயரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டுக் கூட்டுகிறார் என்றே அர்த்தம்.

இன்னொரு பெயரும் அந்தக் கணக்கில் விட்டுப் போயிருக்கிறது. காந்தியடிகள் சத்திய சோதனையில் ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் அவருக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். அவரே கத்தரிப்பான் வாங்கி வெட்டிக் கொண்டார். பின்னந்தலை கெட்டுப் போயிற்று. கோர்ட்டில் நண்பர்கள் எலி கடித்ததா என்று சிரித்தார்கள். ஆனால் அந்த நாவிதர்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. நம் ஊரில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு நம் நாவிதர் முடி வெட்ட நாம் விடுகிறோமா என்று எண்ணிப் பார்த்தார். விட்டதில்லை. அந்தக் கத்தி ஊருக்கெல்லாம் பொதுவான கத்தியாயிருக்கவில்லை. 'அவர்கள் முகத்தைத் தொட்ட கையால் எங்கள் முகத்தைத் தொடாதே' என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னால் நாவிதர் என்ன செய்வார்? மரக்கால் அவர்கள் களத்தில் அல்லவா இருக்கிறது? தீண்டாமையின் பேரால் இப்படிச் சேவை மறுப்பதைக் குற்றமாக்கி 1955-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது. அதற்குப் பிறகும் வெகு காலம் இந்த வழக்கம் பல ஊர்களில் போகவில்லை.

இப்படி ஒதுக்கப்பட்டவர் கையில் ஒரு பிளேடு கிடைத்ததன் மதிப்பை நாம் எளிதாக எடை போட்டுவிடக் கூடாது. யாரையும் கேட்காமல், யார் வாசலிலும் நிற்காமல் தம் முகத்தைத் தாமே மழித்துக் கொள்ள அது வழி செய்தது. நாவிதருக்கும் அது ஒரு விடுதலை. களத்துமேட்டை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்து, நாற்காலி போட்டு, காசு வாங்கிக் கொண்டு, வந்தவருக்கெல்லாம் சவரம் செய்ய அவருக்கும் வாய்ப்பு வந்தது. 1986-ல் சென்னையில் எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதற்குப் பின்னால், ஆளுக்கொரு புது பிளேடு என்ற பழக்கம் சலூன்களில் பரவிற்று. செஞ்சிப் பெரியவரும் பிளேடைப் பாதியாக ஒடித்துப் பிடியில் செருகித்தான் சவரம் செய்கிறார். தகப்பனாருடைய கத்தி பெட்டியில் இருக்கிறது. அதை மீண்டும் எடுக்க அவருக்கு விருப்பமில்லை.

இரும்பின் சரித்திரத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. செஞ்சி அன்று தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. அதே ஜில்லாவில், பரங்கிப்பேட்டையில், ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-ல் இரும்புத் தொழிற்சாலை தொடங்கினார். அது நஷ்டத்தில் முடிந்தது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்க்கிற முறைக்கு 1839-ல் உரிமை பெற்றார். சவரக் கத்திக்குப் பேர்போன ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழில் அந்த முறையால் லாபம் கண்டது. ஆலைக்காரர்கள் அதைச் சற்றே மாற்றிக் கையாண்டு அவருக்குப் பங்கு கொடுக்காமல் தப்பப் பார்த்தார்கள். வழக்குகளில் அவர் பணம் கரைந்தது. ஆரம்பச் செலவைக் கொடுத்தவர் ஒருவர், பலன் கண்டவர் வேறொருவர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, மடக்குக் கத்தி வாங்காதீர்கள் என்று நான் முடிக்கப் போவதில்லை. வீணை கற்றுக் கொள்கிறவரிடம் ரேடியோ மலிவு என்று யாரும் சொல்வதில்லை. கையால் ஒரு காரியத்தை நன்றாகச் செய்யப் பழகுவதில் சந்தோஷம் இருக்கிறது. அதற்குப் பணம் செலவாவதில் தவறு ஏதும் இல்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு யோசனை சொல்லலாம் என்றால், மூன்று கல்லையும் முதல் நாளே வாங்க வேண்டாம். தீட்டின கத்தி ஒன்று, தோல்வார் ஒன்று, ஒரு வருஷப் பொறுமை. கல்லைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவி வைக்க மறந்தால் நம் ஊர் ஈரத்தில் துருப்பிடிக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக் கொள்ளலாம்.

வேண்டாம் என்று நான் சொல்வது ஒன்றுதான். ரசனைக்குச் செய்கிற செலவுக்குச் சிக்கனம் என்று பெயர் வைக்க வேண்டாம். அதைவிட முக்கியமாக, பழைய முறை என்று பெருமை பேச வேண்டாம். பழைய முறையில் கத்தி வைத்திருந்தவருக்கு அதை வேண்டாம் என்று வைக்கிற சுதந்திரம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. பிடிக்காவிட்டால் மறுநாளே பிளேடுக்குத் திரும்பிவிடலாம். கன்னத்தில் கீறல் பட்டால் அது உங்கள் சொந்தக் கன்னம். அதற்கு நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.