கட்டாரியின் வயது

கட்டாரி என்னும் குத்துவாளில் பழையது ஒன்று கைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது துருவை. அடுத்தது, எஃகில் நீரோட்டம் போல ஓடும் வரியை. பாதி விலை இந்த இரண்டிலேயே படிந்துவிடுகிறது. ஆனால் போலி செய்கிறவர் முதலில் கற்றுக்கொள்வதும் இவற்றைத்தான்.

அமிலம் பட்ட இரும்பு சில நாளில் சிவந்துவிடும். காலம் ஏற்றிய துரு கருத்து இறுகி, இடத்துக்கு இடம் மாறியிருக்கும். பழகிய கண் பிடித்துவிடும். வரிதான் சிக்கல். உண்மையான உருக்கு எஃகில் வரி உலோகத்துக்குள்ளேயே ஓடுகிறது. தேய்த்து மெருகிட்டு மறுபடி அமிலம் தடவினால் திரும்ப எழும். மேலே அரித்து வரைந்த கோலம் தேய்ப்போடு போய்விடும். சரியான சோதனைதான். பொருள் அசலாக இருந்துவிட்டாலோ, அதன் பழைய மேற்பரப்பை நாமே சுரண்டி எறிந்திருப்போம்!

கண்ணாலும் கையாலும் சோதிக்கும் முறையின் நிஜமான பலம், பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று படிப்பதில் இருக்கிறது. கட்டாரியில் கை பற்றுவது குறுக்குக் கம்பிகளை. இருபுறமும் சட்டங்கள் முன்கையை ஒட்டி நீளும். பத்து மடங்கு லென்ஸை வைத்துப் பாருங்கள். உள்ளங்கை உரசிய இடத்தில் பிடியின் வெள்ளிவேலை தேய்ந்தும், விரல் எட்டாத மூலையில் தங்கியும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. பழைய தங்கவேலையில் தங்கம் உதிர்ந்த இடத்தில், அது பிடிக்கக் கீறிய குறுக்குமறுக்குக் கோடுகள் தெரியும். முலாமில் அவை இருக்காது. சட்டம் சேருமிடத்தில் மின்சார வெல்டிங்கின் முண்டு தெரிந்தால் பேச்சு முடிந்தது.

இதே முறை தஞ்சாவூர்க் கட்டாரியிடம் தடுமாறுகிறது. எல்லா உறுப்பும் ஒரே பட்டறையில் பிறந்திருக்க வேண்டும் என்பது பலர் வைத்திருக்கும் விதி. 17ஆம் நூற்றாண்டுத் தென்னாட்டுக் கொல்லர்களோ ஐரோப்பிய வாள் அலகை வெட்டியெடுத்து, பிடியோடு ஆணியறைந்து பொருத்தினார்கள். அலகின் நடுக்குழி ஆணித்தகட்டுக்கடியில் பாதியில் நிற்கும். இதை ஒட்டுவேலை என்று ஒதுக்குகிறவர் அசலைத்தான் ஒதுக்குகிறார். முத்திரையும் கைகொடுக்காது. பாஸாவ் நகரத்தின் ஓடும் ஓநாய் முத்திரையை சோலிங்கன் நகரக் கொல்லர்கள் அக்காலத்திலேயே அடித்துக்கொண்டார்கள். ஐரோப்பிய முத்திரைகளை நம்மூர்க் கொல்லர்களும் விட்டுவைக்கவில்லை.

ஆய்வகத்துக்குப் போகலாம். இக்கால ஆலை எஃகில் மாங்கனீசு சேர்ப்பது வழக்கம், பழைய எஃகில் அது மிகக் குறைவு. எக்ஸ்ரே சோதனை காட்டிவிடும். ஆனால் உடைந்த பழைய வாளின் துண்டில் போன மாதம் செய்த கட்டாரியும் இதில் தேறிவிடும்.

வந்த வழியைக் காட்டும் காகிதம்தான் உறுதியான சாட்சி. அதுதான் கிடைப்பதில்லை. 1855இல் தஞ்சை அரசு கிழக்கிந்திய கம்பெனியிடம் போனது. 1860களில் அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. தேர்ந்தவை சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன, மிச்சத்தில் பெரும்பகுதி பழைய இரும்பாக விலைபோனது. அதனால் ‘அரண்மனைச் சரக்கு’ என்று எவரும் சொல்லலாம், எவராலும் மறுக்க முடியாது. எழும்பூரில் அந்த அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருப்பவற்றை மணிக்கணக்கில் பார்த்துப் பழகுவது, வியாபாரியின் கதையைக் கேட்பதைவிடப் பயன்படும்.

ஒரு காகிதம் மட்டும் சுலபமாகக் கிடைக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எனவே ‘இது தொல்பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புகிறார்கள். அந்தச் சான்றோடு வரும் கட்டாரியை 18ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று விற்கிறவரிடம், இரண்டில் எது பொய் என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கலாம்.