பொற்காலமும் பாண் வரிசையும்

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாட்டு வரலாற்றோடு தொடர்புபடுத்தி ஆசிரிய பயிலுநர்கள் எழுதிய கட்டுரைகள் சில அண்மையில் வாசிக்கக் கிடைத்தன. நாளை வகுப்பறையில் வரலாறு சொல்லப் போகிறவர்கள் இவர்கள். எனவே ஒரு சிறுகதைத் தொகுதிக்குக் கொடுக்கும் கவனத்தை இவற்றுக்கும் கொடுத்தே வாசித்தேன்.

பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடு ஒன்றுதான். முதலாம் பராக்கிரமபாகு குளம் கட்டினான், நாடு தன்னிறைவு கண்டது. போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் வரை வந்தார்கள், நாடு தாழ்ந்தது. பின்னர் அரசியல்வாதிகள் கொள்ளையடித்தார்கள், நாடு வங்குரோத்தானது. எண்ணூறு ஆண்டுகள் மூன்று பாய்ச்சலில் முடிந்துவிடுகின்றன. மன்னன், அந்நியன், திருடன் தவிர வேறு பாத்திரங்கள் இல்லை. உழைத்தவனும் பசித்தவளும் கதைக்கு வெளியே நிற்கிறார்கள்.

இவர்களின் கோபம் பொய்யல்ல. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஜூனில் எரிபொருளின்றிப் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது மாணவராக இருந்தவர்கள்தான் இவர்கள். ஆனால் கோபம் இருக்கும் இடத்தில் காரணம் இல்லை.

1953 எங்கே? கொரிய யுத்தகால இறப்பர் விலை சரிந்து அந்நியச் செலாவணி கரைந்தபோது, ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால் வெடித்தது; பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். 1973 எங்கே? எண்ணெயும் தானியமும் உலகச் சந்தையில் விலையேற, இங்கே பாண் வரிசையும் மரவள்ளிக் கிழங்கும் வந்தன. மலையகத் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தப்பட்டதும் இந்த வரிசையில்தான் வருகிறது. விற்று வாங்கி உண்ணும் தீவு இது. டொலர் வற்றினால் முதலில் வெறுமையாவது ஏழையின் பீங்கான். 2019 இன் வரிக்குறைப்பைப் போன்ற முடிவுகள் அதை விரைவுபடுத்துகின்றன.

பொற்காலக் கதை வெறும் அழகியல் விவகாரமும் அல்ல. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்த முடிவுக்குப் பின்னால், முன்னோரின் நஞ்சற்ற வேளாண்மை பற்றிய கனவும் இருந்தது என்பது என் வாசிப்பு. அதன் விலையை எமது வயல்கள் கொடுத்தன.

முஸ்லிம் பயிலுநர்களும் இதே கதையைத்தான் எழுதுகிறார்கள். இது எனக்குக் கவலையளிக்கிறது. 1915 இல் கண்டியில் தொடங்கிய கலவரம் முஸ்லிம்களின் கடைகள்மேல் பாய்ந்தது, உலக யுத்தத்தால் விலைவாசி ஏறியிருந்த வேளையில்தான். அந்நியனும் திருடனும் மட்டுமே உள்ள கதையில் அந்தப் பாத்திரங்களை யாருக்கும் அணிவித்துவிடலாம். காரணத்தைத் தேடக் கற்பிக்காத வரலாறு, ஆளைத் தேடவே கற்பிக்கும்.

ஒரேயொரு கட்டுரை வேறுபட்டு நின்றது. எழுபதுகளில் சுபஹுக்கு முன்பே பாண் வரிசைக்குப் போனதையும், மாவட்டம் தாண்டிக் கொண்டுபோன அரிசியைச் சோதனைச் சாவடியில் பறிகொடுத்ததையும் தன் உம்மம்மா சொல்லக் கேட்டு ஒரு மாணவி எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'இது வரலாறு அல்ல.'

இதை நான் மறுக்கிறேன். உம்மம்மாவின் நினைவு மட்டும் போதிய சான்றாகாது என்பது சரிதான். அன்றைய பத்திரிகை, வர்த்தமானி, வீட்டில் எஞ்சிய கூப்பன் புத்தகம் ஆகியவற்றோடு அதை ஒப்புநோக்க வேண்டும். அந்த ஒப்புநோக்கலைச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர்தான் ஆசிரியப் பயிற்சி. அந்த மாணவி வரலாற்றின் வாசலைச் சரியாகவே கண்டுபிடித்திருந்தார். உள்ளே அழைத்துச் செல்லத்தான் யாரும் இருக்கவில்லை.