குழாயைப் பார்த்தோம், சாக்கடையை விட்டுவிட்டோம்

இந்த முறை ஒரு பழைய ஆய்வுக்கட்டுரை. வந்து பல வருஷம் ஆச்சு. அது சொன்னது ஒன்று, நாம் படித்தது வேறொன்று என்பது என் கட்சி.

2011 ஏப்ரலில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் டிமோத்தி வால்ஷ் குழுவினர் எழுதியது. அதற்கு முந்தைய வருஷம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் மத்திய டெல்லியைச் சுற்றி 12 கிலோமீட்டருக்குள் 50 பொதுக்குழாய் மாதிரிகளும், தெருவில் தேங்கியும் ஓடியும் கிடந்த கசிவுநீரில் 171 மாதிரிகளும் எடுத்தார்கள். தேடியது என்டிஎம்-1 என்ற மரபணுவை. கார்பபெனம் என்று ஒரு மருந்து வகை இருக்கு. மற்ற ஆன்டிபயாடிக் எதுவும் கேட்காதபோது ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போடுகிற ஊசி. அதையே உடைத்துப்போடும் நொதியைத் தயாரிக்கும் மரபணு இது.

முடிவு: குழாய்நீரில் 50க்கு 2. கசிவுநீரில் 171க்கு 51. ஒப்பிடுவதற்காக எடுத்த பிரிட்டனின் கார்டிஃப் நகரக் கழிவுநீர் மாதிரிகள் 70இல் ஒன்றுகூட இல்லை.

பத்திரிகைகள் பிடித்துக்கொண்டது அந்த 2ஐ. 'டெல்லி குழாயில் சூப்பர்பக்'. அரசுத் தரப்பும் அதைத்தான் மறுத்தது. கிருமிக்கு டெல்லி பெயர் வைத்ததே தப்பு, மாதிரியை வெளிநாட்டுக்கு எடுத்துப் போனதே தப்பு என்று பேச்சு திசை மாறியது. இத்தனைக்கும் 2010இல் இந்த மரபணு எவ்வளவு பரவியிருக்கு என்று காட்டிய கட்டுரையின் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 நோயாளி மாதிரிகள். ஆக, இது டெல்லிக்காரன் பிரச்சினை இல்லை.

கட்டுரையில் ஓட்டையே இல்லையா என்றால், இருக்கு. குழாய்க்கு 15 மில்லி தண்ணீர்தான் எடுத்தார்கள். நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, 100 மில்லியில் ஈ.கோலை இருக்கவே கூடாது என்கிறது. 15 மில்லியில் இல்லை என்றால் 100 மில்லியிலும் இல்லை என்று சொல்ல முடியாது. மென்பொருள்காரன் பாஷையில், லாக் ஃபைலின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு பிழை இல்லை என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. அந்த 48 'இல்லை'யை நான் நம்ப மாட்டேன்.

இரண்டாவது, மரபணு இருப்பதும் உயிருள்ள கிருமி இருப்பதும் ஒன்றல்ல. செத்த பாக்டீரியாவின் மரபணுவையும் பிசிஆர் காட்டும். கசிவுநீரில் 51 இடத்தில் மரபணு இருந்தாலும், கிருமியை வளர்த்தெடுக்க முடிந்தது 12இல்தான். ஆனால் வளர்ந்தவற்றில் காலராக் கிருமியும் இருந்தது.

கசிவுநீர் எடுத்த அளவைப் பாருங்கள். பஞ்சுக்குச்சி உறிஞ்சிய சுமார் 0.1 மில்லி, அதாவது ரெண்டு சொட்டு. ரெண்டே சொட்டில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடங்களில் அகப்பட்டிருக்கு. தலைப்புச் செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கணும். போதாக்குறைக்கு, இந்த மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 25, 37 டிகிரியைவிட 30 டிகிரியில் அதிகம் என்றும் கண்டார்கள். 30 டிகிரி என்றால் நம்மூர் சாக்கடைதானே.

இப்போ ராஜகுளத்துக்கு வருவோம். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்காவது தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தரணும் என்பது ஏற்பாடு. சின்ன பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தால், கறுத்துப்போனால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று அர்த்தம். குழாய்க்கு இந்தக் கேள்வி போதும். மருந்துக்கு அடங்காத ஈ.கோலையும் கொதிக்க வைத்தால் சாகும். குடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய எதிர்ப்புச் சோதனை தேவையில்லை.

அது தேவைப்படுவது வடிகாலுக்கு. ஊர்ச் சாக்கடை என்பது ஊர்மக்கள் எல்லாருடைய வயிற்றிலும் என்ன வளர்கிறது என்பதன் கூட்டுக்கணக்கு. நாளைக்கு ஒரு பிள்ளைத்தாச்சிக்கு சிறுநீர்த் தொற்று வந்தால் எந்த மாத்திரை கேட்கும், எது கேட்காது என்பதற்கு முன்னெச்சரிக்கை அங்கேதான் கிடைக்கும்.

செலவு பிடிக்குமே என்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ட்ரைசைக்கிள் என்று ஒரு வழிமுறை வெளியிட்டது. எல்லாக் கிருமியையும் துரத்தாமல் ஈ.கோலை ஒன்றை மட்டும் பார்ப்பது. ஒரே தண்ணீரை ரெண்டு தட்டில் வளர்க்கணும். ஒன்றில் செஃபோடாக்ஸிம் மருந்து கலந்திருக்கும், மற்றதில் இருக்காது. ரெண்டிலும் எத்தனை புள்ளி முளைக்குது என்று எண்ணி விகிதம் பார்க்கணும். மரபணு இயந்திரம் வேண்டாம், மாவட்ட அளவில் ஒரு நுண்ணுயிர் ஆய்வகம் போதும். (வீட்டில் முயற்சி செய்யாதீங்க. வளர்வது சாதாரணக் கிருமி இல்லை.)

அளக்காததைக் கட்டுப்படுத்தவும் முடியாது. ஹைதராபாத் அருகே படான்சேருவில் மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததாக 2007இல் ஒரு ஆய்வு வந்தது. சில பாக்டீரியாக்களுக்கு நஞ்சாகும் அளவைப் போல 1000 மடங்குக்கும் மேல். மருந்து ஆலைக் கழிவுநீரில் ஆன்டிபயாடிக் எவ்வளவு இருக்கலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு வரைவு விதி போட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி விதி வந்தபோது அந்த வரம்புகள் காணாமல் போயிருந்தன.

எங்கள் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியம் இருக்கு. இன்றைக்கு ஏரியைப் பார்த்துக்கொள்வது என்றால் அதில் போய்ச் சேரும் வடிகாலையும் பார்ப்பது. கோடையில் ஒரு தடவை, மழை தொடங்கியதும் ஒரு தடவை, வடிகால் வாயில் ஒரு பாட்டில். அடுத்த கிராமசபையில் கேட்க இதுக்கு மேல பெரிய கோரிக்கை தேவையில்லை.